கண்டி மணப்பெண்ணின் ஏழு மாலைகள்: எதை வாடகைக்கு எடுப்பது, எதை வாங்குவது

உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொன்னால் இதுதான்: தம்பிக்குக் கண்டியில் ஒரு சிங்கள பௌத்தக் குடும்பத்தில் பெண் பார்த்து நிச்சயம் ஆகிவிட்டது. பௌத்த முறைப்படி மணப்பெண் என்னென்ன நகை போட வேண்டும், என்ன உடுத்த வேண்டும், மாப்பிள்ளை வீட்டார் எதை வாங்கிக்கொண்டு போக வேண்டும், தாலி உண்டா இல்லையா? இதற்குள்ளே இன்னொரு கேள்வியும் இருக்கிறது. எதை விட்டுவிட்டால் குறையாக நினைப்பார்கள், எதைச் செய்துவிட்டால் மனம் நோவார்கள் என்பதுதான் உங்களை உறுத்துகிறது என்று நினைக்கிறேன். மணப்பெண் அலங்காரத் தொழிலில் பல வருடம் இருக்கிற முறையில் இரண்டுக்கும் சேர்த்தே பதில் எழுதுகிறேன்.

முதலில் 'பௌத்த முறைப்படி' என்ற சொல்லைக் கொஞ்சம் தள்ளி வையுங்கள். பௌத்தத்தில் திருமணம் ஒரு சமயச் சடங்கே இல்லை. பிக்கு கல்யாணத்தை நடத்தி வைப்பதில்லை. கல்யாணத்துக்கு முந்தைய நாட்களில் பிக்குகள் 'பிரித்' என்ற காப்பு மந்திரங்களை ஓதுவது, தானம் கொடுப்பது, விகாரைக்குப் போய் வணங்குவது ஆகியவை உண்டு. சட்டப்படியான கல்யாணம் பதிவாளர் முன் கையெழுத்திடுவதில் முடிகிறது. மணப்பெண் இந்த நகையைப் போட வேண்டும் என்று எந்தப் பௌத்த நூலும் விதிக்கவில்லை. அதனால்தான் பௌத்த நாட்டுக்கு நாடு மணக்கோலம் மாறுகிறது. லடாக்கில் தோல்பட்டையில் பச்சைநீலக் கற்களை வரிசையாகத் தைத்த 'பெராக்' என்ற தலையணியைத் தாய் மகளுக்குக் கொடுக்கிறாள். மகாராஷ்டிரத்தில் அம்பேத்கர் வழி பௌத்தர்கள் வெள்ளை உடுத்தி மிக எளிமையாக முடித்துக்கொள்கிறார்கள். நீங்கள் கண்டிப் படங்களில் பார்த்த ஏழு மாலையும் நெற்றிப்பட்டமும் கண்டி அரசவையின் உடை. அரச குடும்பத்துக்கும் பிரதானிகள் வீட்டுப் பெண்களுக்கும் உரியதாக இருந்தது, ராஜ்யம் போன பிறகு மெல்ல மெல்ல எல்லார் வீட்டு மணப்பெண்ணுக்கும் வந்து சேர்ந்தது.

இந்த வரலாறு உங்கள் தமிழ்க் குடும்பத்துக்கு ஒரு வகையில் நெருக்கமானது. 1739-இல் நரேந்திரசிங்க மன்னர் வாரிசில்லாமல் இறந்தபோது, மதுரைப் பக்கத்திலிருந்து மணமுடித்து வந்த அரசியின் தம்பி ஸ்ரீ விஜய ராஜசிங்க என்ற பெயரில் அரியணை ஏறினார். அதிலிருந்து 1815 வரை கண்டியை ஆண்டவர்கள் நாயக்கர் வழியினர். கடைசி மன்னர் ஸ்ரீ விக்கிரம ராஜசிங்க வேலூருக்கு நாடு கடத்தப்பட்டு 1832-இல் அங்கேயே இறந்தார்; பாலாற்றங்கரை முத்துமண்டபம் அவர் சமாதிதான். அந்த அரசவையின் நகைப் பெயர்களைக் கேளுங்கள்: பதக்கம, தோடு, கொண்ட கூரு (கொண்டை ஊசி). ஆணின் உடுப்பில் இடுப்பைச் சுற்றும் துப்பொட்டிய. தமிழ்க் காதுக்கு ஒன்றுமே அந்நியமாக இராது. அதற்காக இது முழுக்கத் தமிழ்நாட்டு நகை என்று பெண் வீட்டில் போய்ச் சொல்லிவிடாதீர்கள். அன்னமும் தாமரையும் கொடியும் கண்டிக் கம்மாளர் கையில் வேறொரு வடிவம் எடுத்தன, அதில் அவர்களுக்கு நியாயமான பெருமை உண்டு. அந்தக் கைவினையை விரிவாக ஆராய்ந்து 1908-இல் உலகுக்குக் காட்டிய ஆனந்த குமாரசுவாமி ஒரு தமிழரின் மகன் என்பதை வேண்டுமானால் சொல்லுங்கள், மகிழ்ச்சியாகக் கேட்பார்கள்.

இனி நகைக்கு வருவோம். தலையிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அலங்காரத்தில் அதிக நேரம் பிடிப்பதும் அதிகம் பிசகுவதும் அங்கேதான். 'நளல்பட' என்பது நெற்றிப்பட்டம். நடு வகிட்டில் பின்னோக்கி ஒரு பட்டை, நெற்றிமயிர் ஓரமாகக் காதை நோக்கி இரண்டு பட்டைகள், மூன்றும் சேரும் இடத்தில் நெற்றியில் விழும் ஒரு தொங்கல். நம் நெத்திச்சுட்டியைவிட அகலம், கற்கள் பதித்த தகடுகளாக இருப்பதால் எடையும் அதிகம். வகிட்டுக்கு இருபுறமும் 'இர ஹந்த', அதாவது சூரியனும் சந்திரனும். பரதநாட்டியத் தலைசாமானில் நாம் பார்க்கும் அதே ஜோடிதான். தமிழ்க் கல்வெட்டுகளில் கொடை 'சந்திராதித்தவரை' செல்லும் என்று எழுதுவார்களே, சிங்களக் கல்வெட்டிலும் சூரிய சந்திரரைச் செதுக்குவார்கள். அவை உள்ளவரை நிலைக்கட்டும் என்பதே பொருள். மணப்பெண் தலையில் அது வந்ததற்கும் அந்தப் பொருளையே சொல்கிறார்கள், பொருத்தமாகவும் இருக்கிறது. பின்னால் பிடரிக்கு மேல் தாழ்வாகப் போட்ட கொண்டை. அதில் செருகுவது கொண்ட கூரு, பூவோ கல்லோ பதித்த தலைப்பும் நீண்ட ஊசியும் கொண்டது.

நளல்பட ஏன் சரிகிறது என்பதைத் தெரிந்துகொண்டால் பாதிப் பிரச்சினை தீரும். முதல் காரணம், அன்று காலையிலேயே ஷாம்பு போட்டுக் குளித்த தலை. மயிர் வழுக்கும், ஊசி நிற்காது. முந்தைய நாளே குளித்துவிடுவது நல்லது. இரண்டாவது, வகிடு. நெற்றியின் நடுவிலிருந்து கொண்டைவரை நூல் பிடித்ததுபோல நேராக இருக்க வேண்டும். அரை விரற்கடை விலகினாலும் புகைப்படத்தில் முகமே கோணலாகத் தெரியும். மூன்றாவது, பட்டையின் மூன்று முனைகளில் மட்டும் ஊசி குத்திவிட்டு நம்பியிருப்பது. பட்டையின் இணைப்பு வளையங்களில் கறுப்பு நூலைக் கோத்து, அடியில் பின்னிய மெல்லிய சடையோடு ஆறேழு இடத்தில் தைத்துவிட வேண்டும். அப்படித் தைத்தது பெண் குனிந்து பெரியவர்களை வணங்கினாலும் அசையாது. ஒரே எச்சரிக்கை: காதுக்கு மேலே பக்கப்பட்டையை இழுத்துக் கட்டினால் இரண்டு மணி நேரத்தில் தலைவலி வரும். ஒத்திகை அலங்காரத்தின்போது போட்டுப் பார்த்துவிட்டு உடனே கழற்றாமல் ஒரு மணி நேரமாவது வைத்திருக்கச் சொல்லுங்கள்.

காதில் தோடு, அதன் கீழே 'திமிதி' என்கிற ஜிமிக்கி. கழுத்தோடு ஒட்டி 'கரபட்டிய' என்ற பட்டை. அதன் கீழே படிப்படியாக நீளும் மாலைகள், ஒவ்வொன்றிலும் ஒரு பதக்கம். மேலே சிறியது, கீழே போகப் போகப் பெரியது. பதக்கங்களில் பறவை வடிவம் அதிகம். இரட்டைத்தலைப் பறவையைப் பார்த்தால் அது நம்முடைய கண்டபேருண்டம்தான். அங்கே பேருண்ட பக்ஷிய. கழுத்துகள் பின்னிய இரண்டு அன்னங்கள் 'ஹம்ச பூட்டுவ'. அந்தப் 'பூட்டு' யார் காதிலும் விழும். எல்லாவற்றுக்கும் கீழே, வயிறுவரை இறங்கும் நீண்ட மாலை 'பெதி மாலய'. பெதி என்றால் இதழ். இதழ் இதழாக வெட்டிய தகடுகளை வளையத்தால் இணைத்திருப்பார்கள். பழைய வேலைப்பாட்டில் கற்களைப் பட்டை தீட்டாமல் உருண்டையாக மெருகேற்றிப் பதித்திருப்பார்கள், பெரும்பாலும் சிவப்புக் கல். இன்றைய பளபளப்புக் கற்களுக்கும் அதற்கும் உள்ள வேறுபாட்டை ஒருமுறை பார்த்தால் கண் மறக்காது: பழையது வெளிச்சத்தைத் திருப்பி அடிக்காது, உள்ளே வாங்கிக்கொண்டு மாதுளை முத்துபோல மினுங்கும்.

ஏழு மாலை என்பதில் கரபட்டிய சேர்த்தி என்று சிலர் எண்ணுவார்கள், அது தனி, கீழே ஏழு வேண்டும் என்று சிலர். வீட்டுக்கு வீடு வேறுபடும் விஷயம் இது, யாரும் பிழை இல்லை. ஏன் ஏழு என்று கேட்டால் ஏழு தலைமுறை என்றும் வேறு பலவாகவும் விளக்கம் வரும். நம்பிக்கை என்ற அளவில் கேட்டு மகிழலாம், வரலாறு என்று நான் எழுதித் தரமாட்டேன். உறுதியாகச் சொல்லக்கூடியது இவ்வளவு: கண்டி ராஜ்யத்தில் யார் எதை உடுத்தலாம், எதை அணியலாம் என்பதற்குப் பதவியும் சாதியும் பார்த்த கட்டுப்பாடு இருந்தது. கழுத்தில் அடுக்கு கூடுவது அந்தஸ்தைக் காட்டியது. இன்று அந்தக் கட்டுப்பாடு இல்லாததால், குள்ளமான பெண்ணுக்கு ஐந்து மாலையோடு நிறுத்துவதை நானே பரிந்துரைப்பேன். ஏழையும் திணித்தால் பதக்கங்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறி எதுவுமே தெரியாமல் போகிறது.

மாலைகளைப் போடும் வரிசை முக்கியம். நீளமான பெதி மாலயவை முதலில், பிறகு ஒவ்வொன்றாகக் குறுகியது, கரபட்டிய கடைசி. அப்போதுதான் மேல் பதக்கம் கீழ்ச் சங்கிலியின் மேல் படியும். இவற்றில் பலவற்றுக்குப் பின்னால் கொக்கி இல்லாமல் பட்டுக் கயிறோ நாடாவோ இருக்கும். உயரத்துக்கு ஏற்ப முடிச்சுப் போட வேண்டும். இரண்டு பதக்கங்களுக்கு நடுவே இரண்டு விரல் இடைவெளி இருந்தால் கண்ணுக்கு நிறைவாக இருக்கும். ஏழு முடிச்சையும் பிடரியில் ஒரே இடத்தில் போட்டால் அது கல்போல எலும்பை அழுத்தும். ஒன்றை இடமாகவும் ஒன்றை வலமாகவும் தள்ளிப் போட்டு, கனமான மூன்றின் கயிற்றை ரவிக்கையின் பின்கழுத்தில் ஊக்கால் பிடித்துவிட்டால் எடை தோளுக்கு இறங்கிவிடும். அதற்காகவே ரவிக்கையின் பின்கழுத்தை அதிகம் இறக்கித் தைக்க வேண்டாம் என்று முன்கூட்டியே சொல்லிவையுங்கள். உட்காரும்போது பெதி மாலயவின் பதக்கம் மடியில் மோதிப் புரண்டுவிடும். சங்கிலியை இடுப்பருகே உள்ளிருந்து ஒரு தையல் போட்டுப் பிடித்தால் போதும்.

கை, இடுப்பு, கால் நகைகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மேற்கையில் 'பந்தி வளலு' என்ற வங்கி, முன்கையில் பலவகை வளையல்கள், இடுப்பில் 'ஹவடிய' என்ற அரைச்சங்கிலி, காலில் 'சலம்ப'. சிலம்பு என்று கேட்டால் பிழை இல்லை. புஜம் புடைத்த கை வைத்த ரவிக்கை என்றால் வங்கியைத் துணிக்கு மேல் போட வேண்டும், அளவை அந்தத் துணியோடு சேர்த்து எடுக்க வேண்டும். வெறும் கையில் அளந்து வாங்கியது அன்று ஏறாது.

உடைக்குப் பெயர் 'ஒசரிய'. கண்டிச் சேலை என்றும் சொல்வார்கள். ஆறு கஜத்துச் சேலைதான், கட்டும் விதம் வேறு. நாம் கொசுவத்தைப் பாவாடைக்குள் முழுக்கச் செருகிவிடுகிறோம். ஒசரியவில் கொசுவத்தின் மேல்முனை இடுப்புக்கு வெளியே மடிந்து, விசிறிபோல இடுப்பைச் சுற்றி விழும். அதற்கு 'நெரிய' என்று பெயர். கிராமத்துப் பாட்டிமார் கட்டும் பின்கொசுவத்தைப் பார்த்தவர்களுக்கு இது சட்டென்று பிடிபடும். முந்தானை வலது இடுப்பிலிருந்து மார்பின் குறுக்கே இறுக்கமாக ஏறி, சீராக மடித்த மடிப்புகளாக இடது தோளில் ஊக்கு வாங்கிப் பின்னால் தொங்கும். கீழ்ப்பகுதி அகலமில்லாமல் உடம்பை ஒட்டி நேராக இறங்கும். இந்த உடை மலைநாட்டுக்கு வெளியேயும் பரவியதில் பௌத்த மறுமலர்ச்சித் தலைவர் அநகாரிக தர்மபாலவுக்கு (1864–1933) பங்கு உண்டு. ஐரோப்பிய கவுனை விட்டுச் சேலைக்கு வாருங்கள் என்று சிங்களப் பெண்களிடம் விடாமல் பேசியவர் அவர். இன்று கடலோரத்துப் பெண்களும் கல்யாணத்துக்குக் கண்டிக் கோலம் கேட்கிறார்கள்.

ஒசரியவின் உயிர் அந்த நெரியதான். நன்றாக வந்தால் பெண்ணின் இடுப்பு சிறுத்து, நடை அழகாகத் தெரியும். சரியாக வராவிட்டால் இடுப்பில் துண்டு கட்டியதுபோல இருக்கும். பாவாடை நாடா தளர்வாக இருப்பதுதான் முதல் குற்றவாளி. சேலையின் எடையும் நெரியவின் எடையும் அந்த ஒரு நாடாவில் தொங்குகின்றன, அதனால் மெல்லிய நாடாவை விட்டு அகலமான பருத்தி நாடாவுக்கு மாறுங்கள். அடுத்தது, நெரியவின் மடிப்புகளை இடுப்புக்கோட்டில் மட்டும் பிடித்துவிட்டு நுனியை அப்படியே விடுவது. உட்கார்ந்து எழும்போது அவை கலைந்துவிடும். மடிப்பை முதல்நாளே இஸ்திரி போட்டு, உள்ளிருந்து ஓட்டுத் தையல் ஒன்று ஓட்டிவைப்பது வழக்கம். இப்போது பலர் நெரியவைத் தனியாக வெட்டி இடுப்புப் பட்டையில் தைத்தே கொண்டுவருகிறார்கள். அதில் குறை சொல்ல ஒன்றுமில்லை, நாள் முழுக்க நிற்கும்.

இங்கேதான் உங்கள் வீட்டில் நடக்கக்கூடிய ஒரு தவறைச் சொல்ல வேண்டும். தமிழ்நாட்டிலிருந்து போகிறவர்கள் ஆசையாக ஒரு கனத்த காஞ்சிபுரம் பட்டை எடுத்துக்கொண்டு போய், இதையே ஒசரியவாகக் கட்டட்டும் என்பார்கள். கனத்த பட்டு மடிப்புக்கு அடங்காமல் நெரியவை விறைப்பாக வெளியே தள்ளும். இடுப்பில் நான்கு அடுக்குச் சரிகை சேர்ந்து தடித்துவிடும். வெளியே மடிந்து விழும் இடத்தில் துணியின் உள்பக்கம் தெரியக்கூடும், புட்டா நிறைந்த சேலையின் உள்பக்கத்தில் இழைகள் தளர்வாக நிற்கும், வளையலும் ஹவடியவும் அதில் மாட்டி இழுக்கும். கட்டாயம் பட்டு கொடுக்க விரும்பினால் எடை குறைந்த, பெரிய பார்டர் இல்லாத, உள்பக்கமும் பார்க்கச் சுத்தமாக இருக்கும் சேலையாக எடுங்கள். இல்லையென்றால் கனத்த பட்டை வரவேற்புக்கு என்று சொல்லிக் கொடுங்கள், நம் முறையில் கட்டிக்கொள்ளட்டும். அது இன்னும் நல்ல யோசனை.

நிறத்தைப் பற்றி உங்கள் பெரியவர்களிடம் முன்பே பேசிவிடுங்கள். கண்டி மணப்பெண் பெரும்பாலும் வெள்ளை, பால்நிறம், சந்தன நிறம் என்று கட்டுவாள். மேலே பொன்னிற வேலைப்பாடு. வெள்ளை அங்கே விகாரைக்குப் போகிற தூய நிறம். துக்க வீட்டுக்கும் வெள்ளைதான் உடுத்துவார்கள் என்றாலும் மணமேடையில் அதை யாரும் அபசகுனமாக எண்ணுவதில்லை. நம் வீட்டுப் பாட்டி முகம் சுளித்து, அதை அவர்கள் பார்த்துவிட்டால் அந்த வடு ஆறாது. பொட்டு வைப்பது அவர்கள் வழக்கம் இல்லை. நளல்படவின் தொங்கல் நெற்றியை நிரப்பிவிடும். உங்கள் அம்மா ஆசைப்பட்டால், பெண்ணிடம் கேட்டுவிட்டு, தொங்கலுக்குக் கீழே சிறியதாக ஒன்று. மல்லிகைப்பூ வைக்கலாம், கொண்டையின் அடிப்பகுதியைச் சுற்றி மட்டும். மேலே வைத்தால் கொண்ட கூரு மறைந்துபோகும்.

தாலி உண்டா என்றால், சிங்கள பௌத்தத் திருமணத்தில் தாலி இல்லை, மெட்டியும் இல்லை. சடங்கு நடக்கும் அலங்கார மேடைக்குப் 'போருவ' என்று பெயர். 'நெகத்' என்கிற நல்ல நேரம் பார்த்து இருவரும் வலது காலை வைத்து ஏறுவார்கள். வெற்றிலை கொடுப்பது, மோதிரம் மாற்றுவது, மாப்பிள்ளை பெண்ணுக்கு ஒரு தங்கச் சங்கிலி அணிவிப்பது, ஒரு வெள்ளைத் துணியைக் கொடுப்பது எல்லாம் அங்கே நடக்கும். அந்தத் துணியைப் பெண் தன் தாயிடம் கொடுப்பாள், வளர்த்ததற்கு நன்றி. பிறகு, பெரும்பாலும் பெண்ணின் தாய்மாமன், இருவர் சுண்டுவிரல்களையும் நூலால் கட்டி நீர் வார்ப்பார். வெள்ளைப் பாவாடை தாவணிபோல உடுத்திய சிறுமிகள் 'ஜயமங்கள காதா' என்ற வாழ்த்துப் பாடலைப் பாடுவார்கள். ஆக, மாப்பிள்ளை வீட்டார் கட்டாயம் கொண்டுபோக வேண்டியவை மூன்று: சங்கிலி, மோதிரம், வெள்ளைத் துணி. அந்த வெள்ளைத் துணியை அலட்சியமாகக் கடைசி நிமிடத்தில் வாங்காதீர்கள். தாய்க்குப் போகிற பொருள் அது.

சங்கிலியை வாங்கும்போது கொக்கியைப் பார்த்து வாங்குங்கள். மேடையில் பெண்ணின் பிடரியில் ஏற்கெனவே ஏழு முடிச்சுகள், மேலே தாழ்ந்த கொண்டை. தலைவழியாக மாட்டவும் முடியாது, நளல்படவும் கூருவும் தடுக்கும். சின்னத் திருகுமறை வைத்த சங்கிலியோடு மாப்பிள்ளை அந்தக் கூட்டத்தின் முன் வியர்த்துக்கொண்டு நிற்பது அடிக்கடி நடக்கிறது. பெரிய 'எஸ்' கொக்கியாக இருந்தால் ஒரே மூச்சில் மாட்டிவிடலாம். தோழியிடம் சொல்லி, அந்த நேரம் கரபட்டியவின் கயிற்றைக் கொஞ்சம் கீழே பிடித்துக்கொள்ளச் சொல்லுங்கள். 18 அங்குலச் சங்கிலி மற்ற மாலைகளுக்குள் மறைந்துதான் போகும். பரவாயில்லை, நாளையிலிருந்து அவள் தினமும் போடப்போவது அந்த ஒன்றைத்தான். தாலியும் கட்ட வேண்டும் என்று உங்கள் வீட்டில் நினைத்தால் இரண்டு சடங்கையும் ஒரே அலங்காரத்தில் முடிக்கப் பார்க்க வேண்டாம். காலையில் கூறைச்சேலையில் தாலி கட்டிவிட்டு, பிறகு கண்டிக் கோலத்துக்கு மாறுவது எளிது. கண்டிக் கொண்டையைப் பிரித்து நம் பூச்சடைக்கு வருவதற்கு அதைவிட இரண்டு மடங்கு நேரமாகும்.

போருவச் சடங்கு உடையைச் சோதிக்கும் இடங்களும் உண்டு. மேடை உயரமாக இருக்கும், ஒசரியவின் கீழ்ப்பகுதி குறுகல், வலது காலைத் தூக்கி வைக்க இடம் விட்டுக் கட்டாவிட்டால் பெண் தடுமாறுவாள். கட்டி முடித்ததும் ஒரு படியில் ஏறிப் பார்க்கச் சொல்லுங்கள். விளக்கேற்றக் குனியும்போது நீண்ட மாலைகள் முன்னால் ஊசலாடித் திரியை நோக்கிப் போகும், இடது கையால் அணைத்துக்கொள்ள வேண்டும். நூல் கட்டுவதற்கு மணிக்கட்டுப் பக்கம் இடம் வேண்டும் என்பதால் வலது கையில் வளையலை ஒன்றிரண்டு குறைத்துக்கொள்ளலாம்.

அடுத்தது பணம். இந்த முழுத் தொகுதியையும் தங்கத்தில் செய்வது இன்று மிகச் சில குடும்பங்களுக்கே முடியும். பெரும்பாலானோர் போடுவது பித்தளை அல்லது வெள்ளி மேல் தங்க முலாம் பூசியது. அதையும் அலங்காரம் செய்பவரிடமே, அங்கே 'டிரெஸ்ஸர்' என்பார்கள், வாடகைக்கு எடுக்கிறார்கள். இதில் யாருக்கும் கௌரவக் குறைவு இல்லை. எனவே மாப்பிள்ளை வீட்டுச் செலவை ஏழு மாலையில் போட வேண்டாம், போருவச் சங்கிலியில் போடுங்கள். பெண்ணின் பாட்டி வழியில் ஒரு பழைய பதக்கமோ கொண்ட கூருவோ இருந்தால் அதை நடுவில் வைத்து மற்றதை அதன் நிறத்துக்குப் பொருத்தமாக வாடகைக்கு எடுக்கலாம். பழைய தங்கம் கொஞ்சம் செம்மை ஓடியிருக்கும், புது முலாம் எலுமிச்சை மஞ்சளாக இருக்கும். கலந்து போட்டால் வாடகை நகை உடனே காட்டிக்கொடுக்கும். மங்கல் முலாம் பூசிய தொகுதி இருக்கிறதா என்று கேளுங்கள். முலாம் நகையில் நிக்கல் இருந்தால் சிலருக்குக் கழுத்திலும் காதுமடலிலும் சிவந்து அரிக்கும். ஒத்திகை நாளிலேயே தெரிந்துவிடும். காதணியின் கம்பியை மட்டும் வெள்ளியிலோ தங்கத்திலோ மாற்றித் தரச் சொல்லலாம். வாசனைத் திரவியத்தை நகை போடுவதற்கு முன்பே பூசி உலரவிட வேண்டும். இந்தியாவிலிருந்து தங்கம் எடுத்துப்போனால் ரசீதைக் கையில் வைத்துக்கொண்டு, இரு நாட்டுச் சுங்க விதியையும் பயணத்துக்கு முன் பார்த்துக்கொள்ளுங்கள்.

உங்கள் தம்பியின் உடுப்பையும் சொல்லிவிடுகிறேன். மணமகளின் கண்டிக் கோலத்துக்கு இணையானது 'முல் எந்தும', பிரதானிகளின் உடை. கண்டி எசல பெரஹரா என்ற திருவிழா ஊர்வலத்தில், தலதா மாளிகையின் தலைமைப் பொறுப்பாளரான தியவதன நிலமே உடுத்தி வருவது இந்த வகைதான். சரிகை வேலை செய்த வெல்வெட் மேற்சட்டை, இடுப்பைச் சுற்றிப் பல சுற்றாக உப்பிக்கொண்டு நிற்கும் துப்பொட்டிய, நான்கு மூலைத் தொப்பி, இடையில் சிறு கத்தி. பார்க்கக் கம்பீரம், போட்டு நிற்கப் பெரும் புழுக்கம். உட்காரத் தனிப் பழக்கம் வேண்டும், பின்பக்கச் சுருளை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு நாற்காலியின் முன்பாதியில்தான் உட்கார முடியும். கட்டாயம் என்று எதுவும் இல்லை. பட்டுவேட்டி சட்டையில் அவர் மேடை ஏறினாலும் அழகாகவே இருக்கும். பெண்ணின் தகப்பனாரிடம் கேட்டுவிட்டு முடிவு செய்யுங்கள், அவர் மனதில் முல் எந்தும ஆசை இருக்கலாம்.

கட்டாயம் தவிர்க்க வேண்டியது ஒன்று உண்டு. 'பௌத்தக் கல்யாணம்' என்பதால் புத்தர் உருவம் பதித்த பதக்கமோ, புத்தர் முகம் அச்சிட்ட சேலையோ, பையோ பரிசாகக் கொண்டுபோகாதீர்கள். இலங்கையில் புத்தர் உருவத்தை அலங்காரப் பொருளாக உடம்பில் போடுவதை அவமதிப்பாகக் கருதுகிறார்கள். 2014-இல் கையில் புத்தர் உருவத்தைப் பச்சை குத்தியிருந்த ஒரு பிரிட்டிஷ் பயணியை நாட்டைவிட்டே அனுப்பினார்கள். அன்பாகக் கொடுத்த பரிசு பெண் வீட்டாரைச் சங்கடத்தில் நிறுத்திவிடும். தாமரை, அன்னம், அரசிலை வடிவங்களில் எடுங்கள், ஒரு தடையும் இல்லை.

நான் எழுதியது கண்டி வழக்கத்தின் பொதுவடிவம். உங்கள் சம்பந்தி வீட்டு வழக்கத்தை அவர்களிடமே கேட்க வேண்டிய இடங்கள் உண்டு: கழுத்தில் எத்தனை மாலை, சூரியன் எந்தப் பக்கம், போருவவில் சங்கிலி முதலா மோதிரம் முதலா, நீர் வார்ப்பவர் யார். இந்த நான்கையும் பெண்ணின் தாயிடம் நேரில் கேளுங்கள். கேட்பதையே மரியாதையாக எடுத்துக்கொள்வார்கள். கல்யாணம் முடிந்து நகையைக் கழற்றும்போது முதலில் கொண்ட கூரு, பிறகு நளல்படவின் தையல் நூல்களைச் சிறு கத்தரியால் ஒவ்வொன்றாக வெட்டுவது, அதன் பிறகே கழுத்து. களைப்பில் மாலைகளை முதலில் தலைவழியாக உருவினால் நளல்பட மாட்டி மயிரோடு பிய்ந்துவரும். வாடகைத் தொகுதியை வாங்கும்போதே உருப்படிகளை எண்ணிப் படம் எடுத்துவைத்து, திருப்பும்போது அந்தப் படத்தோடு ஒப்பிடுங்கள். தொலைந்துபோவது பெரும்பாலும் கொண்ட கூருவில் ஒன்றாகத்தான் இருக்கும், கலைத்துப் போட்ட பூவோடு சேர்ந்து குப்பைக்குப் போயிருக்கும், அந்தப் பையை முதலில் தேடுங்கள்.